மேல்கொட்டாயில் பதினான்கு நெஞ்செரிச்சல்கள்

நெஞ்செரிச்சல் ஆராய்ச்சியில் களப்பணி என்பது, முன்பின் தெரியாதவர் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதற்குள் "உங்களுக்குப் புளித்த ஏப்பம் வருமா?" என்று கூச்சமில்லாமல் கேட்கிற வேலை.

இதைப் படிக்கும்போதே நெஞ்சுக்குழியைத் தடவிக்கொள்கிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். என் கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, சப்பிச் சாப்பிடும் ரோஸ் நிற மாத்திரை அட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். ஆகவே இந்தச் சம்பவங்களைச் சக நோயாளிகளுக்குச் சொல்வதாக நினைத்தே எழுதுகிறேன்.

நம் நோயைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தசையால் ஆன ஒரு வளையம் இருக்கிறது. சாப்பாடு வந்தால் திறக்கும், உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். அது தளர்ந்துவிட்டால் இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்சு கரிக்கிறது, எதுக்களிக்கிறது. வருஷக்கணக்கில் ஏறினால் குழாய் புண்ணாகும். புண் ஆறித் தழும்பாகும். தழும்பு இறுகினால் குழாயே குறுகிப்போகும்.

சமவெளியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி இந்த ஆராய்ச்சியை நடத்தியது. மலைக் கிராமங்களில் இந்த நோய் எப்படி இருக்கிறது, எட்டு வாரம் மாத்திரை கொடுத்தால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒதுக்கினார்கள். ஜீப் போகும் வரைக்கும் ஜீப், அப்புறம் நடை. அங்கே மேல்கொட்டாய் என்று பதினெட்டு வீட்டு ஊர். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போய், ஒவ்வொருவரிடமும் அதே பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதி வர வேண்டும்.

அதில் ஏழாவது கேள்வி மட்டும் வேறு ஜாதி. "சாப்பிடும்போது சோறோ களியோ நெஞ்சில் அடைத்துக்கொள்கிறதா?" இதற்கு ஒருவர் 'ஆமாம்' என்று சொன்னால், அவர் பெயரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு, உடனே கீழே அழைத்துப் போய், வாய்வழியாகக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும். வெறும் மாத்திரையோடு விட்டால் ஆபத்தான ஆள் அவர் என்று அர்த்தம். பதினான்கு பேரும் 'இல்லை' என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எத்தனை நாள் இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

புளி ரசம்

முதல் வீடு பொன்னுசாமியுடையது. சாமை விதைக்கிறவர், ஐம்பது வயது, எதற்கும் நேராகப் பதில் சொல்லாதவர். "வாரத்தில் எத்தனை நாள் நெஞ்சு எரியுது?" என்று கேட்டேன். "புளி ரசம் வைக்கிற நாளெல்லாம்" என்றார். என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஒரு நாளா, மூன்று நாளா, தினமுமா என்றுதான் கட்டங்கள். "சரி, வாரத்தில் எத்தனை நாள் புளி ரசம் வைப்பாங்க?" என்றேன். "அத அவளத்தான் கேக்கணும்" என்று உள்பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே அவர் மனைவி லட்சுமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கேள்வியை அங்கே கொண்டுபோனேன். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க தெனமும்னே எழுதிக்கோங்க நர்ஸம்மா. ரசம் வச்சா இவருக்கு நெஞ்சு எரியும், வைக்கலன்னா வவுறு எரியும்."

நான் நர்ஸ் இல்லை. அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

செல்லம்மாவின் உபசாரம்

செல்லம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஆறு ஆடும் நாலு புளிய மரமும் இவர் பொறுப்பில். முதல் நாளே என்னைப் பிடித்து உட்காரவைத்து, தேங்காய் அளவில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டையும் காரமான கொள்ளுக் கடைசலும் வைத்தார். களி சரி. அந்தக் கடைசல், உங்களுக்கும் எனக்கும் ஆகவே ஆகாத வகை. "வேணாம்மா, எனக்கே நெஞ்சு கரிக்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன். நெஞ்செரிச்சலுக்கு மருந்து கொண்டுவருகிறவள் அதைச் சொல்லலாமா என்று யோசித்து வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

எனக்குக் களி வைத்தவர், தனக்கு மட்டும் ஒரு குண்டானில் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க களி சாப்பிடலையா?" என்றேன். "எனக்கு இதுதான் ஒத்துக்கும்" என்றார். அப்போது அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். திரும்பி நடக்கும்போது பாதி வழியில் ரோஸ் மாத்திரையைச் சப்ப ஆரம்பித்தேன். காரணம், பாதி உருண்டையோடு எழுந்திருக்கப் பார்த்தபோது அவர் சொன்ன ஒரு வார்த்தை: "ஆராய்ச்சின்னு வந்தவங்கள அரை வவுத்தோட அனுப்பிட்டாங்கன்னு கீழ போய் எழுதுவீங்க, நாங்க மானத்தோட இருக்க வேணாமா?"

ஐந்து முகங்கள்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு படத்தாள் வைத்திருந்தோம். ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து முகங்கள். முதல் முகம் வாய்கொள்ளாமல் சிரிக்கும். ஐந்தாவது கண்ணீர்விட்டு அழும். அன்றைக்கு எரிச்சல் எவ்வளவோ, அந்த முகத்தின்மேல் ஒரு கோடு போட வேண்டும். முதல் இரண்டு வாரம் மாத்திரை கிடையாது, கோடு மட்டும்தான். மாத்திரைக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று ஒப்பிட வேண்டுமல்லவா?

பதினைந்தாம் நாள் போய்த் தாள்களை வாங்கினேன். பதினான்கு தாளிலும் எல்லா நாளும் சிரிக்கிற முகத்தின்மேல் கோடு. லட்சுமியிடம் காரணம் கேட்டேன். "வெடிகாத்தால யாராவது அழுவுற மூஞ்சில கை வைப்பாங்களா? வூட்டுக்கு ஆவுமா?" என்றார். ஊர் முழுக்க அதே எண்ணம். அதற்குள் தாள்களைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பியிருந்தேன். மலையில் ஒரு திருப்பத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே வந்ததும் படங்கள் போய்ச் சேர்ந்தன; அவரே கூப்பிட்டார். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். நல்ல இளைஞர், எண்களைக் கண்டால் குதூகலமாகிவிடுவார்.

"மாத்திரை இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு நானே எதிர்பார்க்கல!" என்றார்.

"டாக்டர், மாத்திரையை இன்னிக்குத்தான் கொடுத்துட்டு வர்றேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் தெளிவாகக் கேட்டது: "அப்படின்னா, அந்தச் சிரிக்கிற முகத்தை எடுத்துடுங்க."

பஸ் வராத நாள்

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். கோவிந்தன் என்று ஒருவர், தேனெடுப்பதில் கெட்டிக்காரர். மாத்திரையை எப்போதும் போடுவதாகச் சத்தியம் செய்தார். அட்டையை எண்ணினால் நாலு மாத்திரை மிச்சம். "மறந்துட்டீங்களா?" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மறக்கறதா? ஒடுகத்தூர் பஸ்ஸு கீழ வளைவுல ஆரன் அடிக்கும். அடிச்சதும் மாத்திரை. அடுப்ப அணைச்சி, எறக்கி, ஆறவச்சிச் சாப்பிட அரைமணி ஆவும். கணக்கு கரெக்டா இருக்கு" என்றார்.

நான் வாட்சை வைத்துச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்காது. அசந்துபோனேன். "அப்ப அந்த நாலு நாள்?" என்றேன். எவ்வளவு மந்தமான ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்பது போல என்னைப் பார்த்தார். "அந்த நாலு நாளும் பஸ்ஸு வரலீங்க நர்ஸம்மா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஆகாத சாப்பாடு

மாத்திரையோடு ஓர் அறிவுரைத் தாளும் உண்டு. எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்ற பட்டியல். பட்டணத்து நோயாளிகளுக்கு அடித்ததையே இங்கேயும் கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை போனபோது பொன்னுசாமி எனக்காகவே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நீங்க சொன்ன ஒண்ணையும் நான் மீறலீங்க. சாக்லேட்டு, பீட்சா, கோலா, சீஸு, நாலையும் இந்த ஜென்மத்துல தொட்டதில்ல, இனிமேலும் தொடமாட்டேன்."

சரிவுப் படுக்கை

நம்மைப் போன்றவர்கள் தலைப்பக்கம் உயர்த்திப் படுத்தால் அமிலம் மேலே ஏறாது. தலையணை மட்டும் போதாது. இடுப்பிலிருந்தே மேடாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அரையடிக் கட்டை வையுங்கள் என்று தாளில் எழுதியிருந்தது. மேல்கொட்டாயில் கட்டிலே கிடையாது, பாய்தான். கோவிந்தனிடம் இதைச் சொன்னதும், "அதுக்கு இன்னா, தரையத் தூக்கிட்டா போச்சி" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் மண் கொட்டி, அடித்து இறுக்கி, அழகாக ஒரு சரிவு கட்டி, சாணம் போட்டு மெழுகியிருந்தார். வடக்கே தலைவைக்கக் கூடாது என்பதால் தெற்குச் சுவரோரம் மேடு, அங்கிருந்து வாசலைப் பார்த்து இறக்கம். அரையடி போதுமென்று சொன்னது பத்தாது என்று ஒன்றரையடி உயர்த்தியிருந்தார். வேலை அவ்வளவு வழுவழுப்பு. "எரிச்சல் எப்படி இருக்கு?" என்றேன். கோவிந்தன் நேர்மையானவர். எந்தச் சிகிச்சையிலும் நல்லதும் இருக்கும் கெட்டதும் இருக்கும், இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவர். "நெஞ்சு சுத்தமா எரியலீங்க. ஆனா படுக்கறது அங்க, எழுந்திருக்கறது வாசப்படில."

பதினான்கும் இருக்கணும்

நாலாவது முறை போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழாவது கேள்வியை நான் முடிப்பதற்குள் எல்லோரும் 'இல்லை' என்றார்கள். 'சாப்பிடும்போது' என்று ஆரம்பித்ததுமே 'இல்லீங்க' வந்து விழுந்தது. மற்றக் கேள்விகளுக்கு இழுத்து, யோசித்து, புளி ரசத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பதில் சொல்கிறவர்கள், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகம்? அன்றைக்குச் செல்லம்மாவும் அதே வேகத்தில் 'இல்லீங்க' என்றார். அவர் ரவிக்கையின் தோள்பட்டை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தது. முதல் நாள் அளவு சரியாக இருந்த ரவிக்கை அது.

கோவிந்தனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை என்பது போலச் சொன்னார். அடுத்த மலை ஊரில் ஒருவர் முதல் நாளே ஏழாவதற்கு 'ஆமாம்' என்றிருக்கிறார். உடனே பெயரை அடித்துவிட்டு, ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விட்டார்களாம். அந்தச் சேதி எனக்கு முன்னால் மேல்கொட்டாய்க்கு வந்துவிட்டது. ஊரில் எது சேர்ந்து தொடங்கினாலும் ஒருவர்கூட விலகாமல் முடிப்பது இவர்கள் வழக்கம். காடு திருத்துவதோ, கூரை வேய்வதோ, எதுவானாலும். ஆகவே ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பன்னிரண்டு கேள்வியையும் ஒருவருக்கொருவர் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். யாரும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதாம்.

"அது பரீட்சை இல்ல கோவிந்தன். உண்மையில அடைக்கிறவங்கள நான் காப்பாத்தணும்" என்றேன். நாலு முறை வந்தும் தாளைத்தான் பார்த்திருக்கிறேன். எதிரே கூழ் குடிக்கிறவரைப் பார்க்கவில்லை. கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "நீங்க மொதல்லியே சொல்லியிருக்கணும்ங்க. பதினாலு பேரு எழுதுனீங்க, பதினாலு பேரையும் முழுசா திருப்பிக் குடுக்கணும்னு நாங்க இருந்தோம்."

பேனா இல்லாத கேள்வி

நேராகச் செல்லம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓடு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். நான் எதிரில் உட்கார்ந்து பேனாவைப் பைக்குள் போட்டேன்.

"செல்லம்மா, களி அடைக்குதா?"

அவர் நிமிரவில்லை. "பேனாவ உள்ள வச்சிட்டீங்களே?"

"எழுதப்போறதில்ல."

இன்னும் நாலு புளியைத் தட்டினார். "ஐப்பசிலேர்ந்து அடைக்குது. மொதல்ல சோறு. அப்பறம் களி. இப்ப கூழு மட்டும் எறங்குது. எங்கம்மாவும் இப்டித்தான், மொதல்ல கூழுக்கு வந்தாங்க. அப்பறம் தண்ணிக்கு வந்தாங்க." சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இன்னான்னு தெரியும்ங்க. அதக் குழாய் வுட்டு வேற பாக்கணுமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். பல வருஷம் எரிந்ததால் வரும் தழும்பாகவும் இருக்கலாம், அதை விரித்துவிடலாம், வேறு எதுவாக இருந்தாலும் இன்றைக்குப் போவது நாளைக்குப் போவதைவிட நல்லது என்று பொறுமையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கையில் இருந்த புளியைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நன்றாக உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நெஞ்சு எரியுதா யக்கா?"

அதுவரை நர்ஸம்மாவாக இருந்தவள் அக்காவானேன். "எரியும்."

"வாரத்துல எத்தினி நாளு? ஒரு நாளா, மூணு நாளா, தெனமுமா?"

என் முதல் கேள்வி. அப்படியே, என் குரலிலேயே கேட்டார். "தினமும்" என்றேன். இரண்டாவது கேட்டார், மூன்றாவது கேட்டார். ஒரு சொல் மாறவில்லை. இடையில் லட்சுமியும் வந்து கதவோரம் நின்று, செல்லம்மா ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக்கொடுப்பதற்குத் தயாராக இருந்தார். ஏழாவதுக்கு வந்தோம். "சாப்பிடும்போது சோறோ களியோ நெஞ்சுல அடைச்சிக்குதா?"

"எப்பவாவது... சப்பாத்தி மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"கொஞ்சம்னு கட்டம் இல்லீங்களே" என்றார் லட்சுமி.

"எத்தினி வருஷமா?" என்றார் செல்லம்மா. பதினொரு வருஷம் என்றேன். குழாய் விட்டுப் பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன். ஏன் என்றார். நேரம் கிடைக்கவில்லை என்றேன். பக்கத்தில் குவிந்திருந்த புளியை அவர் ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நண்பர்களே, உங்களிலும் நேரம் கிடைக்காதவர்கள் இருப்பீர்கள். அந்தப் பார்வை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

"அந்தப் புளிய நாங்க தட்டிக்கறோம், நீ ஜீப்ல ஏறுடி" என்று லட்சுமி சொன்ன பிறகும் செல்லம்மா அசையவில்லை. என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார்: "நீங்க மொதல்ல முழுங்குங்க யக்கா. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டு, முழுங்கறதா வேணாமான்னு சொல்றேன்."

முழுங்கிய கதை

இரண்டு நாள் கழித்து, இருவரும் பட்டினியோடு ஜீப்பில் ஒடுகத்தூர் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நோயாளி பக்கத்தில் நின்று களப்பணியாளரைப் பார்ப்பது எந்த விதியிலும் இல்லை என்றார். அப்புறம் செல்லம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒரு பச்சை அங்கியை எடுத்து அவரே கொடுத்தார்.

தொண்டை மரத்துப்போக மருந்தைப் பீய்ச்சினார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். குழாய் சுண்டுவிரல் பருமன்தான். ஆனால் உள்ளே போகும்போது அதை யாரும் சுண்டுவிரல் என்று நினைக்க மாட்டார்கள். நான் ஓங்கரித்த ஓங்கரிப்பில் வெளி வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்ததாகப் பிறகு தெரிந்தது. "மூக்கால மூச்சு வுடுங்க யக்கா, மூக்கால!" என்று செல்லம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு நர்ஸை முந்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் என் உள்பக்கம் ரோஸ் நிறத்தில் விரிந்தது. சின்னச் சின்னக் கீறல்கள், வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். செல்லம்மா திரையை நெருங்கிப் போய் நன்றாகப் பார்த்தார். "ஊர் ஊரா களி துன்னும் உள்ள சுத்தமாத்தான் வச்சிருக்கீங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, அங்கியைக் கழற்றி, தானாகவே போய் மேஜையில் படுத்தார்.

அவர் முறையில் டாக்டர் திரையை எனக்குக் காட்டினார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி குறுகி, ஒரு கொட்டைப்பாக்குகூட நுழையாத அளவுக்கு இருந்தது. ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் செல்லம்மா மேலே புளி தட்டினார்; நான் கீழே எந்த வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. பதினோராம் நாள் இருவரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டார்: கெட்டது எதுவும் இல்லை, அமிலம் பட்டுப் பட்டு வந்த தழும்புதான், பலூன் வைத்து விரித்துவிடலாம், மாத்திரையை மட்டும் விடாமல் போட வேண்டும்.

செல்லம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கம்மாவுக்கும் இதானா? விரிச்சிருந்தா இருந்திருப்பாங்களா?" என்று கேட்டார். டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். "தெரியலம்மா. அவங்களுக்கு யாரும் பார்க்கலையே" என்றார். செல்லம்மா தலையாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்குப் பாத்துட்டீங்க இல்ல? ஆவட்டும், வாங்க, விரிங்க."

கடைசி வருகை

இரண்டு தடவை விரித்தார்கள். இப்போது செல்லம்மா சோறு சாப்பிடுகிறார்; மெல்ல மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து, ஆனால் சோறு. ரவிக்கையின் ஊக்குகளை எடுத்துவிட்டார். ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் முறைப்படி போய்விட்டது. மீதி பதின்மூன்று பேருக்கும் கடைசி முறையாகக் கேள்வி கேட்க மேல்கொட்டாய்க்குப் போனேன். இந்த முறை உண்மையான பதில் வரும் என்று டாக்டருக்கு உறுதி சொல்லியிருந்தேன். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, இது பரீட்சை இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கமும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்கள்.

பொன்னுசாமியில் ஆரம்பித்தேன். ஆறு கேள்விகள் வழக்கம்போல இழுபறியாகப் போயின. ஏழாவதில் 'சாப்பிடும்போது' என்றேன். "ஆமாங்க" என்றார். கோவிந்தன், "ஆமாங்க." லட்சுமியிடம் போனேன். அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் "ஆமாங்க." பதின்மூன்று பேரும், கூடவே லட்சுமியும், நெஞ்சில் அடைக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னவர்களில் ஐந்தாறு பேருக்கு முன்னால் பாதி தின்ற களி உருண்டை இருந்தது.

நான் பொன்னுசாமியைப் பார்த்தேன். அவர் கடைசி வாய்க் களியை விழுங்கி, விரலையும் சுத்தமாக நக்கிவிட்டு, நியாயம் கேட்கிறவர் போலச் சொன்னார்: "செல்லம்மாவுக்கு மட்டும் உள்ள பூந்து பாத்தீங்க, உங்களுக்கும் பாத்துக்கினீங்க. எங்களுக்கு உள்ள இன்னா கீதுன்னு நாங்க தெரிஞ்சிக்க வேணாமா?"

ஒரு மலைக்கு எவ்வளவு நெஞ்சு எரிகிறது என்று இத்தனை மாதம் கேட்டலைந்த எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே முடிவு, கேள்வி கேட்கப் போகிறவள் தன் வயிற்றை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது என்பதுதான்.